தோட்டத்துக்குத் திரும்பி வராத ஆய்வுகள்

மலேசியாவில் எங்கள் ஊரான மந்தினிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு பல்கலைக்கழக வாசல் வந்துவிடும். செமினியில் நாட்டிங்ஹாம், நீலாயில் இன்டியும் இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகமும், இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா. கித்தா எனும் ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவில் இத்தனை ஆய்வுக்கூடங்களும் நூலகங்களும் எழுந்த வட்டாரம் இது. ஆகவே ஆய்வு என்பது எங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. படிவத்தோடும் குரல் பதிவுக் கருவியோடும் அது எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்.

அப்படி ஒரு நாள் இரண்டு மாணவர்கள் வந்தார்கள். ஒருத்தி மலாய்ப் பெண், ஒருவன் சீனப் பையன். முதுகலைப் பட்ட ஆய்வு. முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கைத் தரம் பற்றியது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்க வேண்டும், தமிழ் வராது, உதவ முடியுமா என்றார்கள். போனேன். அக்காவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பதினாறு வயதில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, நின்றவர். முதலில் பால்மரம் வெட்டினார். கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட பிறகு முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி மருந்தடித்தார்.

ஏழாவது கேள்வி: வேலையிடத்தில் எனக்கு மனநிறைவு இருந்தது. ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். நான் மொழிபெயர்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். "எந்த வேலைய கேக்குறாங்க தம்பி? மரம் வெட்டுனதயா, மருந்தடிச்சதயா?"

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அக்கா இருபது நிமிடம் பேசினார். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியது, ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டது, மழை வந்தால் பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் நிறைந்து அன்றைய பால் வீணானது. பிறகு மருந்துக் காலம். பம்பு ஒழுகி முதுகு நனைந்தது, தோல் உரிந்தது, இரண்டு விரல்களில் நகம் கறுத்து விழுந்தது. மரம் வெட்டிய நாட்களைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மருந்தடித்ததைச் சொல்லும்போது கையை மடியில் மறைத்துக்கொண்டார். மாணவி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். மூன்று என்று சொன்னேன். அவள் மூன்றைக் குறித்தாள். அந்த மூன்றைச் சொன்னது அக்கா அல்ல, நான்தான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் குறையில்லை. மரியாதையாக வந்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் கையில் கொடுத்து அனுப்பப்பட்ட முறையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பேசும்போது அதன் பெருமையையும் மறைக்கக்கூடாது. எங்கள் மாநிலத்தில் பல்கலைக்கழக ஆய்வு உயிர் காத்த கதை ஒன்று உண்டு. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல் கண்டது. ஆண்டு முடிவதற்குள் அது சிரம்பானை ஒட்டிய சிக்காமட்டுக்கு வந்தது. மந்தின் மலைப்பாதையில் இறங்கினால் எட்டிவிடும் தூரம். பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்று பரவி ஆட்களை அள்ளியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று அரசு முடிவு செய்து, கொசுவுக்குப் புகையடித்தது, தடுப்பூசி போட்டது. சாவு நிற்கவில்லை.

அந்த முடிவை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் உண்மையாகவே இருந்தது. ஆனால் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்தால் கணக்கு உதைத்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், பன்றியோடு வேலை செய்தவர்கள். பெரும்பாலும் சீனர்கள், அவர்களோடு பண்ணையில் கூலிக்கு நின்ற இந்தியர்கள். பன்றியைத் தொடாத மலாய்க்காரர்களை நோய் ஏறக்குறைய விட்டுவிட்டது. கொசு இனம் பார்த்துக் கடிக்குமா? தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். மனிதர்களுக்கு முன்பே பன்றிகள் நோயில் விழுந்திருந்தன. அவற்றின் இருமல் ஒரு மைல் தூரம் கேட்கும் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் டான் சோங் டின் போன்றவர்கள் இந்த முரண்களை விடாமல் பார்த்தார்கள். 1999 மார்ச்சில் அங்கே நச்சுயிரியல் துறையில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமிக்கான சோதனைகளுக்கு அது பிடி கொடுக்கவில்லை. மாதிரியை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு கிருமி அங்கே இருந்தது. அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவிலிருந்துதான் அதற்கு நிப்பா என்ற பெயர் வந்தது. அதற்குப் பிறகே போராட்டம் கொசுவிலிருந்து பன்றிக்குத் திரும்பியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மே மாதத்துக்குள் நோய் அடங்கியது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்திருந்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் அறிவியலின் அழகு என்று நான் நினைக்கிறேன். சுவா தியோமான் தீவுக்குப் போய், பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் விரிப்பு விரித்து, அவற்றின் சிறுநீரைச் சேகரித்து அதே கிருமியை எடுத்துக் காட்டினார். 1997இன் காட்டுத்தீப் புகையும் வறட்சியும் வௌவால்களைப் பண்ணைப் பக்கம் விரட்டியிருக்கலாம் என்பது அவர் முன்வைத்த விளக்கம். 2010களின் தொடக்கத்தில் வேறு ஆய்வாளர்கள் அதை மறுபடி சோதித்தார்கள். புகைமூட்டத்துக்கு முன்பே, 1997 தொடக்கத்திலேயே, ஈப்போ பக்கம் நோயாளிகள் இருந்தது தெரியவந்தது. வருமானத்துக்காகப் பன்றிக் கொட்டிலை ஒட்டி மாமரம் நட்டிருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலுக்குள் விழுந்தது. பண்ணை பெரிது, பன்றிகள் ஏராளம், ஆகவே கிருமி அணையாமல் சுற்றிவந்தது. கண்டுபிடித்தவரின் விளக்கத்தையே பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், துறை அதை ஏற்று நகர்ந்தது. 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது கேரளத்து மருத்துவர்கள் வௌவாலைச் சந்தேகிக்க நாள் கடத்தவில்லை என்றால், அதற்குப் பின்னால் எங்கள் மாநிலத்துச் சாவுகளும் மலாயாப் பல்கலைக்கழகத்து உழைப்பும் இருக்கின்றன.

இந்த ஆய்வு ஏன் வென்றது? கேள்வி நோயாளியிடமிருந்து பிறந்தது. யார் விழுகிறார்கள், யார் விழவில்லை, அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டார்கள். அக்கா என்னிடம் திருப்பிக் கேட்டதும் அதே கேள்வியைத்தான்: எந்த வேலை?

வேளாண் ஆய்வுக்கு வந்தால் இந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. 1925இல் ரப்பர் ஆய்வுக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து மலேசியத் தோட்ட ஆய்வு உலகத் தரத்தில் இருக்கிறது. அதில் ஐயமில்லை. ஒரே ஒரு எடுத்துக்காட்டு. செம்பனை தொடக்கத்தில் இங்கே சரியாகக் காய்பிடிக்கவில்லை. பெண்கள் பூந்தூளைக் கையால் பூக்களில் தூவினார்கள். அது ஒரு தனி வேலையாகவே இருந்தது. செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் இந்த வேலையை ஒரு சிறு வண்டு செய்வதைக் கண்டறிந்து, 1981இல் காமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து ஜோகூரில் விட்டார்கள். காய்பிடிப்பு ஏறியது, கூலிச் செலவு இறங்கியது. பூச்சியியலின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக அதை உலகம் சொல்கிறது, சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் பூந்தூள் தூவிய பெண்கள் குறைந்துபோன ஒரு செலவாக மட்டுமே வருகிறார்கள். அவர்கள் அடுத்த நாள் எந்த வேலைக்குப் போனார்கள் என்பது பூச்சியியலின் கேள்வி அல்ல. பொருளியல், சமூகவியல் என்று பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் துறைகள் கேட்டிருக்க வேண்டியது அது.

பாராகுவாட் கதை இதைவிடக் கசப்பானது. அது ஒரு களைக்கொல்லி, நுரையீரலைப் பிடித்தால் மாற்று மருந்து கிடையாது. தோட்டங்களில் அதை அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தப் பெண்களின் உடலில் அது என்ன செய்தது என்பதை 2002இல் உரக்கச் சொன்ன ஆய்வு பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் வரவில்லை. தெனாகநீத்தா என்ற பெண்கள் அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு சேர்ந்து தோட்டம் தோட்டமாகப் போய்ச் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தடையை அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. நடுவில் போன ஆண்டுகளில் அக்காவைப் போன்றவர்கள் பம்பைச் சுமந்தார்கள். இத்தனை வேதியியல் துறைகளும் மருத்துவத் துறைகளும் சூழ்ந்த நாட்டில் அந்த வேலை ஒரு சிறிய தொண்டு அமைப்பின் தலையில் விழுந்ததை, ஆய்வு உலகின் குறை என்றுதான் சொல்வேன்.

மானுடவியலும் வரலாறும் எங்களை மறக்கவில்லை. கெர்னியல் சிங் சந்துவின் மலாயா இந்தியர் வரலாறு 1969இல் வந்தது. சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இல். அதே 1970இல் வந்த ரவீந்திர ஜெயினின் புத்தகம் இன்னும் நெருக்கமானது. 1960களின் தொடக்கத்தில் அவர் ஒரு ரப்பர் தோட்டத்திலேயே தங்கி, கங்காணிக்கும் கிராணிக்கும் தொழிலாளிக்கும் இடையில் ஓடிய உறவுகளையும் சாதியையும் சங்கத்தையும் பக்கத்தில் நின்று பார்த்து எழுதினார். 2014இல் ஆண்ட்ரூ வில்ஃபோர்டு, தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களின் இழப்பை, அவர்கள் விட்டுவர மறுத்த கோயில்களை வைத்து எழுதினார். ஐந்து எண்களுக்குள் அடங்காத பதில்கள் இந்த நூல்களில் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் கூட இருந்து கேட்டதால் வந்தவை அவை.

அவற்றுக்கும் ஒரு குறை உண்டு. ஜெயின் தம் தோட்டத்துக்குப் 'பால் மெலாயு' என்று ஒரு புனைபெயர் வைத்தார். தகவல் தந்தவர்களைக் காக்க ஆய்வாளர்கள் அப்படிச் செய்வது வழக்கம். அன்றைக்கு அது தேவையாகவும் இருந்திருக்கும். ஆனால் இன்று தோட்டங்கள் கைமாறி, லயன் வீடுகள் இடிந்து, ஆட்கள் சிதறிய பிறகு, அந்தத் தோட்டத்தில் பிறந்த ஒருவரின் பேத்தி அந்தப் புத்தகத்தை எடுத்தால் தன் ஊரை அதில் அடையாளம் காண முடியாது. ஒரு துறை ஊரின் பெயரை நோய்க்கு வைத்தது. இன்னொரு துறை ஊரின் பெயரையே மறைத்தது. இரண்டிலும் அங்கே வாழ்ந்தவர்கள் பெயரில்லாதவர்களாகவே நிற்கிறார்கள்.

இதோடு மொழியும் சேர்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்த காலத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அத்தகைய மரபு உள்ள நாட்டில், தமிழ் பேசும் தோட்ட மக்களைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் அவர்கள் படிக்க முடியாத மொழியில், பணம் கட்டினால்தான் திறக்கும் இதழ்களில் போய் முடிகிறது. இதற்கு ஆய்வாளரின் மனசு காரணமல்ல. 2006இல் மலாயா, சயின்ஸ், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா ஆகிய நான்குக்கும் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்த பிறகு, உலகத் தரவரிசையும் பட்டியலிடப்பட்ட இதழ்களில் வரும் கட்டுரை எண்ணிக்கையும் விரிவுரையாளரின் பதவி உயர்வோடு இறுகக் கட்டப்பட்டுவிட்டன. மந்தினில் ஒரு கோயில் மண்டபத்தில் நின்று தமிழில் முடிவைச் சொன்னால் அதற்குப் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாத வேலையை இரண்டு ஆண்டில் பட்டம் முடிக்க வேண்டிய ஒரு மாணவியிடம் எப்படி எதிர்பார்ப்பது?

வேறொரு பிழையையும் சொல்ல வேண்டும். தோட்டத் தமிழரைத் தேடித் தோட்டத்துக்கே போகும் ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. இப்போது அங்கே குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்கதேசத்தவர்கள். நம் ஆட்கள் எப்போதோ மலிவு விலை அடுக்குமாடிக்கும் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் எஞ்சியிருக்கும் சில குடும்பங்களைக் கேட்டுவிட்டு அதையே முழுச் சமூகத்தின் நிலை என்று எழுதினால் கணக்கு தவறும். முன்னாள் தொழிலாளர்களைத் தேடி வீட்டுக்கே வந்தார்களே, அந்த வகையில் என்னிடம் வந்த இருவரின் ஆய்வு மேல்.

படிவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லாமல் அரசிடம் எதையும் கேட்டு வாங்க முடியாது. 265, 105 என்ற எண்களும் எண்ணியவர்களால் வந்தவைதான். ஆனால் எண்ணுவதற்கு முன் கேள்வியைத் தோட்டத்து ஆட்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். வேலை என்று ஒரு கட்டம் போடும் இடத்தில் எத்தனை வேலை என்று கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் முடிவை ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதி, ஊரில் ஒரு சனிக்கிழமை மாலை வந்து வாசித்துவிட்டுப் போங்கள். பட்டக் குழு அதைக் கேட்காவிட்டால் நீங்களாகவே செய்யுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். இந்த முறை அக்கா சொல்வதை முழுதாகச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் வந்து போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வேடு முடிந்து பட்டமும் வாங்கியிருப்பார்கள். அதில் என்ன எழுதினார்கள் என்று அக்கா இரண்டு தடவை என்னிடம் கேட்டுவிட்டார். அவர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார்.