ஒரு கிலோ எடை, இரண்டு பட்டன்: பழவேற்காட்டுக்கு இந்த ஏ.இ.டி. ஒத்துவருமா?

மீனவர் ஊரான பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி மருத்துவமனைக்குச் சுமார் 20 கி.மீ. இதயம் நின்றுபோனவருக்கு சி.பி.ஆர். கிடைக்காவிட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், உயிரைக் காக்கவேண்டியவர் பொன்னேரியில் இருக்க முடியாது. குப்பத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியராகத்தான் இருக்க முடியும். 2023-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் அவர் கையில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பேச்சுமூச்சின்றிக் கிடப்பவரால் மாத்திரையை விழுங்க முடியாது. அந்த இடத்தை ஹார்ட்சைன் சமாரிட்டன் 350பி போன்ற ஓர் ஏ.இ.டி. (தானே ஆராய்ந்து மின் ஷாக் கொடுக்க உதவும் டிஃபிப்ரிலேட்டர்) நிரப்புமா என்பதே இங்கே கேள்வி.

1965-இல் பெல்ஃபாஸ்டில் மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் ஆம்புலன்சில் ஏற்றிய முதல் நடமாடும் டிஃபிப்ரிலேட்டரின் எடை சுமார் 70 கிலோ. அதே ஊரில் பிறந்த 350பி, பேட்டரியோடு சேர்த்து 1.1 கிலோ. ஒரு பட்டனை அழுத்தினால் கருவி பேசத் தொடங்கும். மார்பில் பேட்களை ஒட்டியதும் இதயத் துடிப்பின் ஒழுங்கை அதுவே ஆராயும். ஷாக் தேவை என்றால் மட்டுமே ஆரஞ்சு பட்டன் வேலை செய்யும். முதல் இரண்டு ஷாக் 150 ஜூல், அடுத்தது 200. இ.சி.ஜி.யைப் படித்து முடிவெடுக்கும் பொறுப்பைக் கருவி ஏற்றுக்கொள்வதுதான் இதன் முதன்மையான பலம். மருத்துவர் இல்லாத இரவில், செவிலியர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஐபி56 தரம் என்பதால் தூசியும் தெறிக்கும் தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது. ஆனால் 50 டிகிரி செல்சியஸ்தான் இதன் உச்சவரம்பு. வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ தகரக் கூரையை ஒட்டியோ வைக்கக் கூடாது.

மருத்துவமனைக்கு ஏ.இ.டி. எதற்கு என்ற ஆட்சேபத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் 204 மருத்துவமனைகளில் 11,695 நோயாளிகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், ஏ.இ.டி. பயன்படுத்தப்பட்டவர்களில் 16.3 சதவீதத்தினரும் மற்றவர்களில் 19.3 சதவீதத்தினரும் பிழைத்தார்கள். ஷாக்குக்குக் கட்டுப்படாத வகை இதயநிறுத்தத்தில்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. கருவி ஆராயும் நேரத்தில் நெஞ்சு அழுத்தத்தை நிறுத்த வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அங்கே ஏ.இ.டி.யோடு ஒப்பிடப்பட்டது, பயிற்சி பெற்ற குழு கையால் இயக்கும் டிஃபிப்ரிலேட்டர். இ.சி.ஜி.யை உடனே படிக்க ஆளில்லாத சிறு நிலையத்தில் ஏ.இ.டி. இல்லையென்றால் ஷாக்கே இல்லை. 2000-இல் வெளியான லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஆய்வைப் பாருங்கள்: கண்ணெதிரே விழுந்து, 3 நிமிடத்துக்குள் ஷாக் பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள்; அதற்கு மேல் தாமதமானவர்களில் 49 சதவீதம். அங்கே கருவியை இயக்கியவர்கள் காவலாளிகள். ஆகவே அந்த 204 மருத்துவமனை ஆய்வு நமக்குச் சொல்வது, கருவியை நம்பிக் கையை ஓயவிடாதே என்பதைத்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், ஷாக் கொடுத்த மறுகணமே மீண்டும் அழுத்தம். இந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் எந்த மாடலும் பயன்படாது.

மீனவர் ஊருக்கே உரிய இன்னொரு ஆட்சேபம்: இங்கே முகத்துவாரத்திலும் கடலிலும் மூழ்கியவர்களைத்தானே தூக்கி வருவார்கள்? அது சரியான கேள்வி. மூழ்கியவரின் இதயம் பெரும்பாலும் பிராணவாயு இல்லாமல் நிற்கிறது. அந்த நிலையில் கருவி “ஷாக் தேவையில்லை” என்றே பெரும்பாலும் சொல்லும். அவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. எனவே மூச்சு கொடுக்க உதவும் ஆம்பு பை இல்லாமல் இந்தப் பெட்டியை மட்டும் வாங்குவது பாதி வேலை. பேட் ஒட்டுமுன் உப்புநீரை அழுந்தத் துடைக்க ஒரு துண்டும், ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் மழிக்க ரேசரும் அதோடு இருக்க வேண்டும். ஆடும் ஃபைபர் படகில் துடிப்பை ஆராய்வது தடைபடலாம் என்பதால், படகுக்கு ஒன்று என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கரையில் ஒன்று, சுகாதார நிலையத்தில் ஒன்று என்பதே பொருத்தம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இ.சி.ஜி. திரை இல்லை. பேட்டரியும் பேட்களும் ஒரே உறைக்குள் வருவதால் ஒரே காலாவதித் தேதியைக் கவனித்தால் போதும் என்பது வசதி. ஆனால் தயாரித்து நான்கு ஆண்டில் இரண்டையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். வாங்கும்போதே அந்தச் செலவையும் தமிழ்க் குரல் உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். கருவி வாரம் ஒருமுறை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பச்சை விளக்கு மின்னுகிறதா என்று பார்க்கத்தான் ஆள் தேவை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்கள் பழவேற்காடு ஏரியைப் பாடு முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதில் குழப்பம் இல்லை. இந்தப் பச்சை விளக்கைப் பார்ப்பதற்கும் அப்படி ஒரு முறை வைத்தால் வாங்கலாம். பூட்டிய அலமாரிக்குள் போகப்போகிறது என்றால், அந்தப் பணத்துக்கு இன்னும் நான்கு பேருக்கு சி.பி.ஆர். கற்றுக்கொடுங்கள்.