கேமராவில் நல்லாத் தெரியுது, ஆனால் யாருக்கு?

‘கண்காணிப்புக் கேமராவின் நன்மை தீமைகள்’ என்ற தலைப்பில் உயர்நிலை 4 மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். படம் தெளிவாக இருக்கும், இருட்டிலும் தெரியும், கைப்பேசியிலிருந்தே சுழற்றலாம், இருவழியிலும் பேசலாம் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கடையில் விற்கும் கேமராப் பெட்டியின் மேல் இருப்பதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். தீமைக்கு ஒதுக்கிய பத்தியில், ‘தனியுரிமை பாதிக்கப்படும்’ என்று ஒரே வரி. எப்படி, யாரால் என்ற விளக்கம் இல்லை.

மாணவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கருவியே தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

இணையத்தோடு இணைந்த கேமராவை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் வேண்டும். ஒன்று, சிறப்புக்கூறுகள். மற்றொன்று, அணுகல் கட்டுப்பாடு. அதாவது, யார் பார்க்கலாம், யார் சுழற்றலாம், யார் அமைப்புகளை மாற்றலாம் என்பது. இரண்டாவது பலவீனமாக இருந்தால் முதலாவதே நமக்கு எதிராகத் திரும்பும். கேமராவைச் சுழற்றும் வசதி, உள்ளே நுழைந்துவிட்ட அந்நியருக்கும் கிடைக்கும். இருவழிப் பேச்சு இருந்தால், அறையில் தனியாக இருக்கும் குழந்தையிடம் அவர் பேசவும் முடியும்.

இது வெறும் அச்சமன்று. 2016இல் பரவிய ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட பயனர்பெயர், மறைச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே ஏராளமான கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற தளங்களைப் பலரால் திறக்க முடியவில்லை. சிங்கப்பூரிலும், வீட்டுக் கேமராக்களிலிருந்து திருடப்பட்ட காட்சிகள் தகாத தளங்களில் வெளியானதாக 2020 அக்டோபரில் செய்தி வந்தது.

அதே மாதத்தில்தான் இங்கு இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டமும் தொடங்கியது. அதில் நான்கு நிலைகள் உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான மறைச்சொல் இருக்கக் கூடாது, மென்பொருளைப் புதுப்பிக்க வழி இருக்க வேண்டும் என்பவை முதல் நிலையின் அடிப்படைத் தேவைகள். நல்ல முன்னேற்றம்தான். முதல்முறை இயக்கும்போதே மறைச்சொல்லை மாற்றச் சொல்லும் கேமராக்களும், கைப்பேசிக்குக் குறியீடு அனுப்பி உறுதிசெய்யும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கொண்டவையும் இப்போது கிடைக்கின்றன.

ஆனாலும் என் விமர்சனம் இதுதான்: பூட்டு இருக்கிறது, ஆனால் அது கண்ணில் படும் இடத்தில் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமரா வைத்தோம். நிர்வாகி, பார்வையாளர் என்று தனித்தனிக் கணக்குகள் உருவாக்கும் வசதி அதில் இருந்தது. நாங்களோ, “எதுக்கு வம்பு?” என்று நிர்வாகிக் கணக்கின் மறைச்சொல்லையே அண்ணன், அண்ணி, பணிப்பெண் எல்லாருக்கும் கொடுத்துவிட்டோம். பணிப்பெண் ஊர் திரும்பி ஐந்து மாதம் கழித்துத்தான் மறைச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற நினைவே வந்தது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு எங்களுடையது. ஆனால் யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவை நாலைந்து பக்கங்களுக்கு உள்ளே ஒளித்துவைத்த வடிவமைப்புக்கும் அதில் பங்கு உண்டு. அதைவிட, அம்மாவிடம் “யாரெல்லாம் பார்க்கலாம்மா?” என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எந்தக் கருவியும் நமக்காகக் கேட்காது.

தேர்வெழுதும் மாணவர்களே, ‘தனியுரிமை பாதிக்கப்படும்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘பொது மறைச்சொல்லை மாற்றாத வீட்டில், அந்நியர் ஒருவர் கேமராவைத் திருப்பி முதியவரின் அறையைப் பார்க்க முடியும்’ என்று காரணத்தையும் விளைவையும் சேர்த்து எழுதுங்கள். கருத்து விளக்கத்துக்கான மதிப்பெண் அங்கேதான் கிடைக்கும்.

ஆசிரியர்கள் இத்தலைப்பைக் கொடுக்கும்போது, ‘வீட்டுக் கேமராவை யார் பார்க்க அனுமதிக்க வேண்டும்? யார் முடிவு செய்ய வேண்டும்?’ என்ற இரு துணைவினாக்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். அடுத்த முறை நான் அப்படித்தான் கொடுக்கப் போகிறேன்.