பதினாறு பேடா, அறுபத்து நான்கா?

பேட் கண்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: மெல்லத் தட்டினால் மெல்ல ஒலிக்கிறதா?

நாலுக்கு நாலு ரப்பர் பேட் என்ற அமைப்பை நிலைநிறுத்தியது, ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்பிசி60. கட்டைவிரலில் கிக், ஆள்காட்டி விரலில் ஸ்னேர், மறுகையில் ஹைஹேட் என்று ஒரு டிரம் செட்டே இரண்டு கைக்குள் அடங்கிவிடும். சில வாரங்களில் பார்க்காமலே தட்ட வரும். பேட் பெரிதாக இருப்பதால் வேகத்தில் விரல் தவறினாலும் அடி வீணாகாது.

2009இல் வந்த நோவேஷன் லாஞ்ச்பேடில் 64 பேட். ஆனால் அந்த முதல் மாடலுக்கு அடியின் வேகமே தெரியாது. தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் கிளிப்புகளை ஓடவிட அதைவிட வசதியானது அப்போது குறைவு. தாளம் தட்ட உட்கார்ந்தால், சுவிட்ச் போர்டில் விரல் வைத்தது போலத்தான். பின்னால் வந்த லாஞ்ச்பேட் எக்ஸில் (2019) இந்தக் குறை இல்லை.

64 பேடின் உண்மையான பலம் சுரத்தில். ஏபிள்டன் புஷ் (2013) ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையிலிருந்து ஐந்து அரைச்சுரம் மேலே வைக்கிறது. கீபோர்டில் சுருதி மாறினால் கைவடிவமும் மாறும். இதில் ஒரே வடிவம் எல்லாச் சுருதிக்கும் போதும். ஸ்கேல் மோட் போட்டால் தப்புச் சுரமே வராது என்பதையும் சிறப்பாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் குறை. தப்பாக வாசிக்க வழியில்லாத கருவியில் காதுக்கு என்ன வேலை?

இன்னொரு எல்லை, கருவிகள் தகவல் பரிமாறும் மிடி முறையில் இருக்கிறது. சாதாரண பேட் ஓர் அடியை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகத்தான் அனுப்பும். மிருதங்கத்தின் தொப்பியில் அடித்தபின் கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கி அந்த எண்ணுக்குள் வராது. புஷ் 3 (2023) பேடின்மேல் விரல் நகர்வதையும் கவனிக்கிறது. ஆனால் அந்த விலைக்கு நல்ல லேப்டாப்பே வாங்கலாம்.

என் பெரிய வருத்தம் கருவிமேல் இல்லை. விரலின் நடை வேண்டும் என்று பேட் வாங்குகிறோம். தட்டி முடித்த கையோடு குவாண்டைஸ் பட்டனை அழுத்தி எல்லா அடியையும் கோட்டில் நிறுத்திவிடுகிறோம். லின் தன் இயந்திரங்களில் ஸ்விங் வைத்ததே இதற்கு ஒரு மாற்றாகத்தான்: இரண்டாவது, நான்காவது பதினாறாம்பகுதி அடிகள் கொஞ்சம் தாமதித்து விழும். ஹிப்ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் தாளத் தள்ளாட்டத்தைக் கேட்டவருக்கு, கோட்டை விட்டு விலகுவதில் எவ்வளவு சங்கதி இருக்கிறது என்று தெரியும். அவர் பயன்படுத்திய எம்பிசி3000 இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அதிலும் பேட் பதினாறுதான்.

தாளம்தான் உங்கள் வேலை என்றால் பதினாறு போதும், பழையதே போதும். பணம் கொடுக்குமுன் ஒவ்வொரு பேடையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கியதில் பதின்மூன்றாவது பேட், ஒருமுறை தட்டினால் இருமுறை ஒலிக்கிறது.