ஆறு வாய், ஒரு மூச்சு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டைத் திறந்தால் போதும், சுற்றி நிற்பவர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். கார்பரேட்டர் இல்லாத பழைய கார் காரே அல்ல என்பது ஒரு கட்சி. இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள் என்பது மற்றது. முதல் கட்சிக்காரர்களுக்கு மரபைக் கட்டிக் காக்கிறோம் என்ற நினைப்பு உண்டு. அந்த நினைப்பைக் கலைக்க ஒரு கார் இருக்கிறது: டிரையம்ஃப் டிஆர்5. 1967இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோதே அது இன்ஜெக்‌ஷனோடுதான் வந்தது. அந்த வண்டியில் கார்பரேட்டர் பார்த்தால், அது பிற்பாடு யாரோ மாட்டியது.

டிரையம்ஃப் நமக்கு அந்நியமும் இல்லை. மதராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நாலு சிலிண்டர் எஞ்சினின் குடும்பத்திலிருந்து வளர்த்தெடுத்ததுதான் டிஆர்5இன் ஆறு சிலிண்டர் எஞ்சினும். 2498 சிசி. சிலிண்டரின் விட்டம் 74.7 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 95. ஒடுங்கி நீண்ட இந்த உடல்வாகு, உச்சச் சுற்றில் கூச்சலிடப் பிறந்ததல்ல, இழுக்கப் பிறந்தது.

அதற்கு பெட்ரோல் ஊட்ட லூகாஸ் நிறுவனம் செய்த ஏற்பாட்டில் எலக்ட்ரானிக்ஸ் துளியும் கிடையாது. டிக்கியில் ஒரு மின்சாரப் பம்ப், சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே தள்ளும். எஞ்சின் பக்கத்தில் அளந்து கொடுக்கும் கருவி. அதனுள் ஓர் உருளை சுழலும். உருளைக்குள் தறியில் நாடா ஓடுவதுபோல ஒரு சிறு உலோகத் துண்டு இப்படியும் அப்படியும் ஓடும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு சிலிண்டருக்கு ஒரு மடக்கு. நாடா எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் உண்டாகும் வெற்றிடமே சொல்லும். தறியைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதே 1967 ஜூனில், ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட் பந்தயத்தில் ஜிம் கிளார்க் லோட்டஸ் 49இல் ஜெயித்தார். அந்தக் காரின் காஸ்வொர்த் எஞ்சினுக்கு பெட்ரோல் ஊட்டியதும் லூகாஸ் இன்ஜெக்‌ஷன்தான்.

டிஆர்5க்குக் கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான தம்பி டிஆர்250க்குப் புகைச் சட்டத்தையும் விலையையும் உத்தேசித்து இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்பரேட்டர்கள்; குதிரைகள் நூற்றுச் சொச்சம்.

இவ்வளவு அழகான ஏற்பாட்டை ஏன் கழற்றி எறிந்தார்கள்? பம்ப்தான் காரணம். அதன் மோட்டார், கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டாரின் வழிவந்தது. வெயில் நாளில், டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது பம்ப் சூடேறும், வண்டி இருமும், நிற்கும். வழியில் கடையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் வாங்கி பம்பின்மேல் வைத்து வீடு வந்து சேர்ந்த கதை டிஆர்காரர்கள் கூடுமிடங்களில் இன்றும் ஓடுகிறது. கராஜ்காரர்களுக்கும் தறி நாடா பிடிபடவில்லை. அடுத்து வந்த டிஆர்6இலும் இதே பாடுதான். பலர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மூன்று வெபர் 40 டிசிஓஇ கார்பரேட்டர்கள் மாட்டினார்கள்.

அந்த வெபரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எடோர்டோ வெபர் இத்தாலியின் போலோன்யாவில் 1923இல் தொடங்கிய தொழிலின் நகை அது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். மூன்று சேர்ந்தால் சிலிண்டருக்கு ஒரு வாய். உள்ளே இருப்பதெல்லாம் பித்தளைச் சாமான்கள், தட்டானின் பெட்டியில் இருக்க வேண்டியவை. ஜெட்டில் 125 என்று பொறித்திருந்தால் துளை 1.25 மில்லிமீட்டர். பெட்ரோலில் காற்றுக் குமிழி கலக்கும் குழல் ஒன்று உண்டு. அதன் பக்கவாட்டுத் துளைகள் எந்த உயரத்தில், எத்தனை என்பதைப் பொறுத்து வண்டியின் சுபாவமே மாறும். வாயைப் பெரிதாக்கினால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வாய் அகன்றால் காற்றின் வேகம் குறைகிறது. பெட்ரோல் பொடிந்து கலக்காமல் துளியாகவே நிற்கிறது. காலை அழுத்தியதும் வண்டி ஒரு கணம் விக்குகிறது.

அந்த ஒரு கணத்தை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் அளக்கிறேன். முழு மிதியில் யார் வேண்டுமானாலும் நன்றாகப் பாடிவிடலாம். ஆக்சிலரேட்டரின் முதல் விரற்கடை தூரம், ஐட்லிங்கிலிருந்து மெல்ல எழும் இடம், அங்கேதான் சுதி தெரியும். வெபரில் அதற்கென்றே ஊசிமுனைத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. திறக்கும் தகட்டின் விளிம்பு ஒவ்வொன்றாக அவற்றைத் தாண்டிப் போகும்போது பெட்ரோல் படிப்படியாகச் சேர்கிறது. சரியாக அமைந்துவிட்டால் கால் நினைத்ததை எஞ்சின் கேட்கும். ஆனால் அமைத்த ஊரில்தான் அது அமைந்தது. 2757 மீட்டர் உயரத்து ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏற்றுங்கள். மேலே போகப் போகக் காற்று மெலியும், அந்த அளவுக்கு பெட்ரோல் குறையாது, எஞ்சின் மந்தமாகி மூச்சு முட்டும்.

இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கு இந்த மலையெல்லாம் பொருட்டல்ல. முன்பக்கப் புல்லியில் 36 பல்லில் ஒரு பல் குறைந்த சக்கரம், சைலன்ஸர் குழாயில் ஒரு சென்சார், ஒரு பெட்டி, ஒரு லேப்டாப். சிக்கல் வேறிடத்தில். ஆறு வாய்க்கும் தனித்தனித் தகடு இருந்தால் ஐட்லிங்கில் வெற்றிடம் நிலையாக நிற்காமல் துடிக்கும்; அதை நம்பினால் பெட்டி குழம்பும். ஆகவே தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்தே கணக்கைப் போட வேண்டியிருக்கிறது. கேம் ஷாஃப்ட்டை உக்கிரமாக மாற்றியவர்களுக்கு இது வரம்தான். ஆனால் அந்த டக்-டக்கென்ற பொறுமையற்ற ஐட்லிங்கையும் சேர்த்து அது அடக்கிவிடுவதுண்டு. டிஆர்6இன் 1973 மாடலில் கம்பெனியே கேம் ஷாஃப்ட்டை மென்மையாக்கி, 125 குதிரைத்திறன் என்று எழுதிக்கொண்டது, ஐட்லிங் சீரானது. எனக்கென்னவோ பழைய முரட்டு ஐட்லிங்தான் பிடிக்கிறது. வெபர்போலவே வார்த்து உள்ளே இன்ஜெக்டரை ஒளித்து வைத்த சாமான்களும் விற்கிறார்கள். நன்றாக வேலை செய்கின்றன; ஆனாலும் அது வேஷம்.

டிஆர்5 வைத்திருப்பவர் என்னைக் கேட்டால், லூகாஸையே மீட்டெடுத்து, பம்பை மட்டும் பாஷ் பம்பாக மாற்றச் சொல்வேன். டிஆர்250காரர் என்றால் மூன்று வெபர் மாட்டிக்கொள்ளட்டும். மழையிலும் மலையிலும் தினமும் ஓட்டுபவர் லேப்டாப்பைத் திறக்கட்டும்.

மூவருக்கும் ஒரு வேலை பொது: ஆறு தகடும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும். அதற்குக் கருவி விற்கிறார்கள். ஒரு முழ ரப்பர் குழாயும் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் வாயில் பிடிக்க வேண்டும், உஸ்ஸென்று கேட்கும். இரண்டாவதில் பிடித்தால் சற்றுத் தடித்த உஸ். ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பி, மறுபடி முதல் வாய்க்குப் போய், மறுபடி இரண்டாவதுக்கு வந்து, பிறகுதான் மூன்றாவது.