மண்சுவரும் ஏழு பேர்ச்சஸும்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பழைய லயமொன்றில் பூச்சு உதிர்ந்த இடத்தை விரலால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புக்குப் பின்னால் கருங்கல் இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண். துரைமார் கட்டிய இந்தச் சுவர்களில் பலவற்றை நூறு வருடமாகப் பிடித்துவைத்திருப்பது தோட்டத்து மண்தான். அதற்கும் முன்னால், கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் படுத்த கொட்டில்கள் கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, மண் அப்பி, புல் வேய்ந்தவை. ஆகவே மலிவாக, சூழலைக் கெடுக்காமல் மண்ணிலேயே வீடு கட்டலாம் என்று இன்று ஒருவர் வந்து சொன்னால், தோட்டத்துச் சனத்துக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. “மறுபடியும் எங்களை அங்கேயா அனுப்பப் போறீங்க?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த முறையை எடைபோட வேண்டும்.

வரிச்சுச் சுவர் வேறு, இன்று சொல்லப்படும் குழைமண் சுவர் வேறு. குழைமண் சுவருக்குக் களியும் மணலும் அளவாகக் கலந்த மண்ணில் நீர் விட்டு, வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் மிதித்துப் பதமாக்கி, உருண்டை பிடித்துப் படை படையாக ஏற்றுவார்கள். அச்சும் சூளையும் வேண்டாம். சுவர் தன் கனத்திலேயே நிற்கும். ஆகவே தடிப்பு ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. ஒரு படை ஓர் அடி, ஒன்றேகால் அடி உயர்ந்ததும் நிறுத்தி, அது இறுகிய பிறகே அடுத்ததை ஏற்ற வேண்டும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இதைக் ‘கொப்’ என்பார்கள். அடிக்கடி மழை பெய்யும் அந்த மண்ணில், சில நூற்றாண்டுகளைக் கண்ட கொப் வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். உயரமான கல் அத்திவாரமும், சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்ட கூரையும் அவற்றைக் காப்பாற்றுகின்றன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் படை வைத்து எழுப்பிய மண்சுவரும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இதன் பலம் என்ன என்று 2022இல் எல்லோருக்கும் விளங்கியது. ஒரு பை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய வருடம் அது. தோட்டத்து நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபாய். ஒரு பை வாங்க மூன்று நாளுக்கு மேல் கொழுந்தெடுக்க வேண்டும். டொலர் ஏறினால் ஏறும் பொருளை நம்பி ஏழையின் வீட்டைத் திட்டமிடுவது எவ்வளவு பலவீனமானது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மண் அப்படி விலை ஏறுவதில்லை. அதைச் சுடத் தேவையில்லை. கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிவரவும் தேவையில்லை.

பசறை அடங்கிய ஊவாவுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. நுவரெலியாவும் அட்டனும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும் ஆனி முதல் புரட்டாசி வரை இந்தப் பக்கம் கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசத்தைக் கொடுப்பது இந்தக் காற்று. மண்சுவரைக் காயவைக்கவும் இதைவிட நல்ல காற்று மலையகத்தில் கிடையாது. ஒன்பது அடிச் சுவர் என்றால் ஏழெட்டுப் படை. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் விட்டாலும் ஏறக்குறைய மூன்று மாதத்தில் கூரைமட்டம் வந்துவிடும். ஐப்பசியில் வடகீழ் மழை சாய்ந்து அடிக்கத் தொடங்குமுன் தகரம் ஏறியிருக்க வேண்டும். கணக்கு நெருக்கமானது, ஆனாலும் பொருந்துகிறது.

பொருந்தாத கணக்கு காணியில் இருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்பது அளவு. வெளிப்புறம் 22 அடிக்கு 25 அடி என்று வைத்துக்கொள்வோம். அரையடிச் சீமெந்துக் கல் சுவர் என்றால் உள்ளே புழங்க 504 சதுர அடி மிஞ்சும். ஒன்றரை அடி மண்சுவர் என்றால் 418. சுவர் தின்றுவிடும் கூடுதல் 86 சதுர அடி, பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய சனத்திடம் போய், அந்த இடத்தைச் சுவருக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

அடுத்தது எடை. அந்த அளவு வீட்டின் வெளிச்சுவருக்கு மட்டும் ஏறக்குறைய முப்பது கனமீட்டர் மண் வேண்டும். காய்ந்த பிறகும் ஐம்பது தொன் அளவில் நிற்கும். அவ்வளவு மண்ணை எங்கே வெட்டுவது? கைக்கு எட்டும் இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடுதான். சரிவின் காலை வெட்டிவிட்டு அதன் அடியிலேயே பாரமான வீட்டைக் கட்டுவதைவிட ஆபத்தான வேலை பதுளை மாவட்டத்தில் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடம் போடத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இரண்டு மாவட்டங்களில் ஒன்று பதுளை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியதும் இதே மாவட்டத்தில்தான். மண் வீட்டை ஆதரிக்கும் பல எழுத்துக்கள் ‘காலடி மண்ணே போதும்’ என்று சொல்கின்றன. சமவெளியில் அது சரி. நமுனுகுலை மலைச் சரிவில் வாழ்பவருக்கு அந்த அறிவுரையைக் கொடுக்கக் கூடாது. வீதி அகலிக்கும்போது வெட்டிக் கொட்டும் மண்ணைக் கொண்டுவந்து பதம் பார்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் அப்போது லொறிக் கூலி சேரும், இலவசம் என்ற பேச்சு போய்விடும்.

உழைப்பையும் யாரும் சரியாகக் கணக்கிடுவதில்லை. காலையில் மலைக்கு ஏறி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்ணை, வந்ததும் மண் மிதிக்கச் சொன்னால் அந்த வீடு அவள் முழங்காலில் கட்டிய வீடாகிவிடும். சிரமதானம் ஒரு நாளைக்குக் கூடும், மூன்று மாதத்துக்குக் கூடாது.

எனவே முழு வீட்டுக்கும் குழைமண் சுவரை நான் சொல்லமாட்டேன். அடுப்படிக்கும் இஸ்தோப்புத் திண்ணைக்கும் அது மிக நல்லது. வீட்டுச் சுவருக்கு, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ரங்கிக ஹல்வத்துரவும் அவரது குழுவினரும் உருவாக்கிய மண் கொங்கிறீட்டே பொருத்தம். சரளையும் மணலும் களியும் அளவறிந்து கலந்து, ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு சீமெந்து மட்டும் சேர்த்து அச்சில் வார்க்கிறார்கள். சுவர் மெல்லியது, ஆகவே இடமும் மிஞ்சும், மண்ணும் குறையப் போதும்.

இவை எல்லாம் காணி உறுதி கையில் இருப்பவருக்கு. மற்றவர்களின் நிலை வேறு. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. லயத்தில் இருப்பவருக்குக் காம்பராவும் சொந்தமில்லை, அதன் பின்பக்க மண்ணும் சொந்தமில்லை. லயத்துக்குப் பின்னால் சமையலுக்கு ஒரு மறைப்புப் போடுகிறவர்கள் ஏன் தகரத்தையும் பலகையையுமே தேடுகிறார்கள்? மண்ணில் கட்டத் தெரியாததால் இல்லை. எப்போது வேண்டுமானாலும் கழற்ற வேண்டி வரலாம் என்பதால்.

எங்கள் அப்பாயி அப்படி யோசிக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் மானாப்புல் வெட்டிப் போட்டு மிதித்து, முழங்கையளவு தடிப்பில் ஓர் அடுப்படி எழுப்பி, வெள்ளிக்கிழமை தோறும் சாணம் மெழுகி வைத்திருந்தார். மார்கழிக் குளிரில் நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவோம். இரவு அடுப்பு அணைந்த பிறகும் சூடு இருக்கும். பிறகு வேறு டிவிசனுக்கு மாறச் சொன்னார்கள். தகரத்தையும் கதவையும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனோம். சுவரைக் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, அடுப்பு இருந்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில் செம்மண் கும்பி ஒன்று இருந்தது. அதன்மேல் புல் முளைத்திருந்தது.