சிதம்பரத்து நந்தனும் அரக்கோணத்து ராப்பும்

சமூகம் பேசும் தமிழ் ராப்பின் முதல் பலம், அது பொத்தாம்பொதுவாகப் பேச மறுப்பதுதான். 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வழியாக இந்த வடிவம் சினிமாவின் கலகலப்புக்குள் வந்து சேர்ந்தது. 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பில் அது தன் காலில் நின்றது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறை மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து சாதியைச் சாதி என்றே சொல்லின. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அந்தக் குழுவில் பாடியவர்களில் ஒருவர் அரக்கோணத்து அறிவு. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பி வந்த ஒரு பெண் வழியாக ஒரு கூட்டத்தின் வரலாறே கோடிக்கணக்கான காதுகளுக்குப் போனது. பாடநூல் செய்யாத வேலை இது. இந்தப் பெருமையில் ஒரு துளியும் குறைக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாடி முடித்த பிறகு பாட்டு யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் சிதம்பரத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் கதையில் கொடுமைக்கார வேதியர் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் பண்ணையாரான அந்த வேதியரைப் படைத்தார். சிதம்பரம் போகத் துடித்த பண்ணையடிமையின் ஏக்கத்தை மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் ஏற்றி, கேட்டவர்களை அழவும் வைத்தார். தன் காலத்தில் அது துணிச்சலான படைப்பு. ஆனால் அந்தக் கண்ணீர் கதாகாலட்சேப மேடையோடு நின்றுவிட்டது. பாட்டின் நாயகன் எந்தச் சேரியில் பிறந்தானோ, அந்தச் சேரியின் கையில் பாட்டு இல்லை. 1916இல் சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோதுதான் அந்தப் பெயர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளியாக, விடுதியாக மாறியது. மேடைப் பாட்டு உருக்கியது. பள்ளி தலைமுறைகளை மாற்றியது. ஒன்றை உயர்த்த மற்றதைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே கிடந்த அந்த அரை நூற்றாண்டு இடைவெளி இன்றைய ராப்புக்கும் வந்துவிடக் கூடாது.

வருவதற்கான அடையாளங்கள் தெரிகின்றன. 'என்ஜாய் எஞ்சாமி'யின் வெற்றியைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் 2021 ஆகஸ்ட் அட்டையில், பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லாததால் கண்டனம் எழுந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் அறிவு உட்பட அதை உருவாக்கிய தங்கள் மூவருக்குமே வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்ற வழக்காடலை விட எனக்கு முக்கியமாகப் படுவது, நிலமின்மையைப் பாடிய பாட்டே அதைப் படைத்தவர்களின் கையை விட்டு எவ்வளவு எளிதில் போய்விட்டது என்பதுதான். கலைஞருக்கே இந்த நிலை என்றால், பாடப்பட்ட ஊருக்கு என்ன மிஞ்சும்? 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த கொடுமையை வைத்து எடுக்கப்பட்ட 'ஜெய் பீம்' 2021இல் வந்தபோது, அதன் ராப் பாடலை எழுதிப் பாடியவரும் அறிவுதான். நியாயமான தேர்வு. ஆனால் கதை கொடுத்தது கடலூர் மாவட்டம். குரல் வேறு ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது.

ராப்பே இரவல் சரக்கு, அதற்கு ஏது வேர் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கடினமல்ல. ஒப்பாரியும் கானாவும் கூத்தின் கட்டியங்காரனும் இருக்கும் மண்ணில், தாளத்தோடு அடுக்கிப் பேசுவது அந்நியமாக முடியாது. வயலினையும் ஹார்மோனியத்தையும் நம்முடையதாக்கிக்கொண்டவர்கள் நாம். இதைவிடக் கனமான மறுப்பு உள்ளிருந்தே வருகிறது. பறையை வேர் என்று கொண்டாடுகிறோம். ஆனால் சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய ஊழியமாக இருந்ததால், 'இனி அடிக்க மாட்டோம்' என்று மறுத்ததே பல ஊர்களில் போராட்டமாக இருந்தது. அப்படி மறுத்த தாத்தாவும் அதே பறையை மேடையில் உயர்த்திப் பிடிக்கும் பேரனும் சுயமரியாதைக்காகவே நிற்கிறார்கள். பேரனின் பெருமிதம் மட்டும் பாட்டில் வந்து, தாத்தாவின் மறுப்பு வராமல் போனால், வேர் வெறும் அலங்காரமாகிவிடும். இந்தச் சிக்கலைத் தொட்டுப் பேசும் பாட்டு இன்னும் அதிகம் வரவில்லை என்பது என் மனக்குறை.

அப்படியானால் துயரம் நடந்த ஊரில் பிறந்தவர்தான் அதைப் பாட வேண்டுமா? கொடைக்கானல் வேறு பதில் சொல்கிறது. 2015இல் சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் ஆங்கிலத்தில் இருந்தது. மெட்டோ அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜுடையது. பாடியவர் அங்கிருந்த யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தவரும் அல்ல. ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் பாதரசத்தால் பாதிக்கப்பட்ட முன்னாள் தொழிலாளர்களின் நெடுங்காலப் போராட்டமும் தெளிவான கோரிக்கையும் இருந்தன. 2016 மார்ச்சில் யூனிலீவரின் இந்திய நிறுவனம் 591 தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். பாட்டு சேராமல் உலகத்தின் கண் அந்தப் பக்கம் அவ்வளவு வேகமாகத் திரும்பியிருக்காது. மண் இன்னும் சுத்தமாகவில்லை என்று 2018இல் மறுபடியும் பாடினார்களே, அதுதான் என்னை அதிகம் கவர்கிறது. போராடுபவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பாட்டு பிறப்பால் வந்த வேரை விட ஆழமாகவே ஊன்றும்.

கடலூருக்கு இந்த வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004 முதல் ஆலைகளின் நாற்றத்தைத் தாங்களே கண்காணித்துப் பதிவு செய்தவர்கள். மோப்பம் பிடித்து எழுதிய அந்தக் குறிப்புகளில் எந்தப் பாடலாசிரியரும் கற்பனையில் எட்ட முடியாத துல்லியம் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் கால்வாய்க்காக வளர்ந்து நின்ற நெல்லை இயந்திரங்கள் புரட்டின. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர்நீதிமன்றம். இவற்றையெல்லாம் கலைஞன் தலையில் சுமத்தலாமா, பாட்டு என்ன மனுவா என்று கேட்பார்கள். பாட்டு மனு ஆக வேண்டாம். காதலையும் கோபத்தையும் சும்மா ஒரு சாயங்காலத்தையும் பாடும் உரிமை ராப்பருக்கு உண்டு. சினிமாவில் சம்பாதிக்கும் உரிமையும் உண்டு. ஓர் ஊரின் துயரத்தை எடுத்துப் பாடும்போது மட்டும் அந்த ஊருக்கு அதில் பங்கு வேண்டும் என்கிறேன்: பாட்டு முதலில் ஒலிக்கும் மேடையில், வரும் காசில், வரிகளைத் திருத்தும் உரிமையில். நீலம் நடத்தும் 'மார்கழியில் மக்களிசை' 2021இல் மதுரைக்கும் கோவைக்கும் போனது. அதே மார்கழியில் திருவாதிரைத் தேருக்குப் பெருங்கூட்டம் கூடும் சிதம்பரத்துக்கும் அது வரட்டும்; வரும்போது சிப்காட் ஊர்களின் இளைஞர்களிடமும் வளையமாதேவி உழவர் வீட்டுப் பிள்ளைகளிடமும் முதல் மைக்கைக் கொடுக்கட்டும்.