ஷிகெரு மிசுகி: பேய்களும் சிப்பாய்களும்

ஷிகெரு மிசுகி என்றதும் ஜப்பானியர்களுக்கு நினைவுக்கு வருபவை பேய்கள்தாம். அவருடைய போர்ச் சித்திரக்கதைகளை விமர்சகர்கள் தனி அடுக்கில் வைத்துப் பேசுவது வழக்கம். எனக்கு அந்தப் பிரிப்பு ஒப்பவில்லை. கடைநிலையில் நின்று, பயத்தோடும் பசியோடும் உலகத்தைப் பார்க்கும் கண் இரண்டிலும் ஒன்றே.

1922இல் பிறந்த அவர் வளர்ந்தது சகாய்மினாட்டோ என்ற துறைமுக ஊரில். நோன்நோன்பா என்று அவர் அழைத்த கிழவி சொன்ன கதைகளில், குளியலறை அழுக்கை நக்கும் பேய்கூட உண்டு. அந்தச் சிறுவன் வளர்ந்து 1943இல் படையில் சேர்க்கப்பட்டு, நியூ பிரிட்டன் தீவின் ரபாலுக்கு அனுப்பப்பட்டான். எதிரியின் தாக்குதலில் உடனிருந்தவர்கள் மடிய, அவர் மட்டும் காட்டுக்குள் ஓடித் தப்பினார். முகாமுக்குத் திரும்பியவருக்குக் கிடைத்தது ஆறுதலல்ல. நீ மட்டும் ஏன் சாகவில்லை என்ற ஏச்சு. பிறகு மலேரியா, குண்டுவீச்சில் இடது கையும் போனது.

அந்தக் காட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் தன்னை மறித்ததாக அவர் பின்னாளில் சொன்னார். இரவில் வழிப்போக்கரை மறிக்கும் நூரிகாபே என்ற பேயாகவே அதை அவர் கண்டார். அவருடைய கிதாரோ கதைகளில் நூரிகாபே கைகால் முளைத்த பெருஞ்சுவராக, நாயகனின் தோழனாக வருகிறது. போரையும் பேயையும் பிரிப்பவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்?

போருக்குப் பின் தெருவில் படம் காட்டிக் கதை சொல்பவர்களுக்காக வரைந்தார். அந்தத் தொழில் நசிந்ததும் வாடகை நூலகங்களுக்கான மலிவுப் புத்தகங்களுக்கு மாறினார். யோஷிஹிரோ தட்சுமி போன்றவர்கள் பெரியவர்களுக்கான இருண்ட சித்திரக்கதையை வளர்த்ததும் இதே கூலி குறைந்த சந்தையில்தான். வறுமை 1960களின் நடுவில்தான் விலகியது. ‘கல்லறைக் கிதாரோ’ என்ற தலைப்பு தொலைக்காட்சிக்கு ஆகாதென்று ‘கெகெகெ நோ கிதாரோ’ ஆனது. 1968இல் அசைபடத் தொடராக வீடுவீடாக நுழைந்தது. வேலை குவியவே உதவியாளர்களை வைத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் பின்னாளில் தனித்துப் பேசப்பட்ட யோஷிஹாரு சுகே.

மிசுகியின் உச்சம் என்று நான் கருதுவது, ரபால் அனுபவத்தை வைத்து 1973இல் வரைந்த, கூண்டோடு சாக ஆணையிடப்பட்ட ஒரு படைப்பிரிவின் கதை. இலை இலையாக, புள்ளி புள்ளியாகத் தீட்டிய காடு. அதற்குள் கேலிச்சித்திர முகங்களோடு சிப்பாய்கள். மேலதிகாரியிடம் அறை வாங்குகிறார்கள், சாப்பாட்டையே நினைத்துக் கிடக்கிறார்கள். கடைசிப் பக்கங்களின் பிணங்களில் மட்டும் கேலிக்கோடு மறைந்து, புகைப்படத்தின் துல்லியம் வந்துவிடுகிறது. உண்மையில் சிலர் பிழைத்தார்கள். கதையில் அவர் எவரையும் விடவில்லை.

கிழவியைப் பற்றிய ‘நோன்நோன்பா’ 2007இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் சிறந்த நூலுக்கான பரிசைப் பெற்றது. 2015இல், 93 வயதில் மிசுகி காலமானார்.

ஜப்பானியப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக்காலமான ஷோவா காலத்தைப் பற்றி 1980களின் இறுதியில் அவர் வரைந்த நெடிய வரலாற்றை எல்லோரும் புகழ்கிறார்கள். தளபதிகளும் தேதிகளும் அணிவகுக்கும் பக்கங்கள் எனக்குச் சலிப்பூட்டின. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்லும் பொறுப்பை, கிதாரோ கதைகளில் ஊரை ஏய்த்துப் பிழைக்கும் எலிமனிதனிடம் அவர் ஒப்படைத்திருக்கிறார். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் புத்தகம் விழித்துக்கொள்கிறது.